மழையை எண்ணிச் செய்த சிற்பங்கள்

சுவீடன் நாட்டின் தென்கோடியில் உள்ள ஸ்கோனே மாநிலம் நெடுங்காலம் டென்மார்க் மன்னருக்கு உரியதாக இருந்தது. இரு நாடுகளும் மோதிக்கொண்ட எல்லையில் கிடந்ததால் அங்கே கோட்டைகள் எழுந்தன, எரிந்தன, எரிந்த இடத்திலேயே மீண்டும் எழுந்தன. மாநிலத்தின் வடகிழக்கில், க்னிஸ்லிங்கே என்னும் சிற்றூருக்கு அருகே நிற்கும் வானோஸ் கோட்டையின் கதையும் அதுவே. 15ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய அக்கோட்டை, 1563 முதல் 1570 வரை நடந்த வடபுல ஏழாண்டுப் போரில் தீக்கு இரையாயிற்று. பின்னர் அவ்விடத்திலேயே அது புதிதாகக் கட்டப்பட்டது. 1658இல் ரோஸ்கில்ட உடன்படிக்கையால் ஸ்கோனே சுவீடன் கைக்கு மாறியது. 1675இல் மூண்ட போரில் டென்மார்க்கின் பக்கம் நின்று காட்டில் மறைந்து பொருத ஸ்னாப்ஹான் படையினர் இக்கோட்டையின் ஓக் மரமொன்றில் தூக்கிலிடப்பட்டனர் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

கோட்டையைச் சுற்றி இன்று பால்பண்ணையும் மேய்ச்சல் வெளியும் பீச் மரக் காடும் உள்ளன. வாக்ட்மெய்ஸ்டர் குடும்பத்தார் அங்கேயே வாழ்ந்து, செயற்கை உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் நீக்கி நிலத்தை நடத்துகின்றனர். அக்குடும்பத்தைச் சேர்ந்த மரிகா வாக்ட்மெய்ஸ்டர் 1987இல் தற்காலச் சிற்பக் கலைஞர்களை அங்கு அழைக்கத் தொடங்கினார். வேறெங்கோ செய்து முடித்ததைக் கொணர்ந்து நிறுத்துவதைவிட, கலைஞர் நேரில் வந்து இடத்தைப் பார்த்து அவ்விடத்துக்கென்றே ஒன்றைச் செய்வதே வானோசில் பெரும்பான்மை வழக்கம். அவ்வாறு செய்யப்பட்டவற்றுள் பல பத்துப் படைப்புகள் காட்டிலும் வயலிலும் நிலையாகத் தங்கிவிட்டன.

கலைக்கூடத்துக்குள் ஒரு சிற்பம் வாழும் வாழ்வு வேறு. அங்கே வெப்பம் 20 பாகையை ஒட்டி நிறுத்தப்படும். காற்றின் ஈரம் அளந்து வைக்கப்படும். ஒளியும் எண்ணி வழங்கப்படும். வெட்டவெளியில் இக்காவல் எதுவும் இல்லை. வெயில், காற்று, வேர், பறவை, பூஞ்சை என எல்லாமே அங்கு வேலை செய்கின்றன. இவற்றுள் முதன்மையானது நீர். துருவும் உறைபனியும் பாசியும் மட்கலும் நீரின்றி நிகழ்வதில்லை. ஆதலால் திறந்தவெளிச் சிற்பத்தை மதிப்பிடும்போது அதன் வடிவை மட்டும் பார்த்தல் போதாது என்பது என் உறுதியான கருத்து. மழை எங்கே விழுகிறது, எவ்வழியே வடிகிறது, எங்கே தங்குகிறது என்பவற்றை அதைச் செய்தவர் எண்ணினாரா என்று கேட்க வேண்டும். வானோசின் நல்ல படைப்புகள் இக்கேள்விக்கு நேராக நின்று விடை சொல்கின்றன.

செங்கல்லிலிருந்து தொடங்குவோம். டென்மார்க் நாட்டவரான பெர் கிர்கெபி 1994இல் இங்கே செங்கல்லால் ஒரு கட்டுமானத்தை எழுப்பினார். அவர் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பயின்றவர், கிரீன்லாந்துக்கு ஆய்வுப் பயணம் சென்றவர். ஓவியராகவும் சிற்பியாகவும் புகழ்பெற்ற பின்னும் மண்ணும் பாறையும் அவர் சிந்தையை விட்டு அகலவில்லை. குடியிருக்கவும் இயலாத, காவலுக்கும் உதவாத அவருடைய செங்கல் கட்டுமானங்கள் வட ஐரோப்பாவின் பழைய கட்டடத் தொழிலை அப்படியே கைக்கொண்டவை.

செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. மழைநீர் அவற்றுள் தானே ஏறிப் பரவும். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. துளையில் இடம் மிச்சமிருந்தால் பனிக்கட்டி அங்கே விரிந்து கொள்ளும். துளை நிறைந்திருந்தால் அந்த விரிவுக்குப் போக்கிடம் இல்லை, செங்கல்லின் முகம் ஓடு ஓடாகப் பெயரும். கடுங்குளிர் நாடுதான் கல்லுக்குக் கேடு என்று நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மாறானது. குளிர்காலம் முழுவதும் உறைந்தே கிடக்கும் சுவீடனின் வடகோடியில் கல் உறைந்து உருகுவது சில முறைகளே. தெற்கிலுள்ள ஸ்கோனேயிலோ குளிர்கால வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே ஏறி இறங்குகிறது. மாலையில் உறைந்தது நண்பகலில் உருகி, இரவில் மீண்டும் உறையும். ஒவ்வோர் உறைதலும் சென்றமுறை விழுந்த விரிசலை இன்னும் சற்று அகலமாக்கும்.

இதற்குத் தீர்வு சூளையிலும் சாந்திலும் இருக்கிறது. நன்கு வெந்த செங்கல்லில் களிமண்ணின் ஒரு பகுதி இளகிக் கண்ணாடிபோல் இறுகுவதால் துளைகள் குறைகின்றன. இடையே பூசப்படும் சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானதாகவும் ஈரத்தை எளிதில் வெளிவிடுவதாகவும் இருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லை 900 பாகை அளவில் காளவாயில் சுட்டால் அதிலுள்ள கரியமில வளி வெளியேறுகிறது. நீற்றிக் குழைத்துப் பூசிய பின், காற்றிலிருந்து அதே வளியை மெல்ல உறிஞ்சிச் சாந்து மீண்டும் கல்லாகிறது. சுவருக்குள் புகுந்த ஈரம் இந்தச் சாந்தின் வழியே வெளியேறுவதால் தேய்வதும் சாந்தே, செங்கல் தப்புகிறது. தேய்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதுச்சாந்து பூசுவது எளிய வேலை. பழங்கட்டடங்களை வலுவான சிமெந்தால் பூசிக் ‘காப்பாற்றியவர்கள்’ ஐரோப்பா எங்கும் செய்த தவறு இந்த முறையைத் தலைகீழாக்கியதே. சாந்து செங்கல்லைவிடக் கடினமாகும்போது உடைவது செங்கல்தான்.

அடுத்து, சிற்பங்கள் நிற்கும் பூங்காவைச் சூழ்ந்து ஓடும் பழங்கல் மதில். ஸ்கோனேயின் வடபகுதிப் பாறை 100 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. பனியூழியில் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்படலம் அதன்மேல் ஊர்ந்து, பாறையைப் பெயர்த்து, உருட்டி, ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் பின்வாங்கியபோது உருண்டைக் கற்களைப் பரப்பிவிட்டுச் சென்றது. உழவர்கள் அவற்றைப் பொறுக்கி வயலோரம் அடுக்கினர். அடுத்த இளவேனிலில் வயலில் புதுக்கற்கள் தலைநீட்டும். உறையும் மண் கல்லைப் பற்றி மேலே தூக்குகிறது. கல்லுக்கடியில் உண்டாகும் வெற்றிடத்தில், உருகும் காலத்து நுண்மண் சரிந்து நிரம்புகிறது. கல் திரும்பவும் தன் பழைய இடத்துக்கு இறங்க வழியில்லை. ஆண்டுக்கு ஆண்டு இப்படி ஏறி ஏறியே அது கொழுமுனைக்கு வந்து சேர்கிறது. பல தலைமுறை உழவர்களின் முதுகுவலிதான் ஸ்கோனேயின் கல்மதில்கள்.

அமெரிக்கரான ஜென்னி ஹோல்சர் 2002இல் இம்மதிலின் கற்களில் தம் வாசகங்களைச் செதுக்கச் செய்தார். விளக்கொளிப் பலகைகளில் ஓடும் எழுத்துகளால் உலகறிந்தவர் அவர். இங்கே மின்னொளி இல்லை, வண்ணமும் இல்லை. கல்லில் வெட்டிய பள்ளமும் அதில் விழும் நிழலுமே எழுத்து.

ஆகவே அவ்வெழுத்தின் தெளிவைக் கதிரவனே முடிவு செய்கிறான். ஒளி கற்பரப்புக்கு நேரெதிரே நின்று விழுந்தால் பள்ளமும் மேடும் ஒரே அளவு வெளிச்சம் பெற, எழுத்து கரைந்து போகும். ஒளி பரப்பை உராய்ந்தாற்போல் சாய்ந்து விழுந்தால் பள்ளத்தின் ஒரு கரை நிழலாகி எழுத்து துலங்கும். வானோஸ் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 56 பாகையில் உள்ளது. சூன் மாத நண்பகலில் ஞாயிறு அங்கே அடிவானிலிருந்து 57 பாகை உயர்கிறது. டிசம்பரில் 10 பாகையோடு நின்றுவிடுகிறது. தெற்கு நோக்கிய கல்லில் கோடை நண்பகலின் ஒளி மேலிருந்து சரிந்து இறங்க, எழுத்தின் மேற்கரை நிழல்தரும். குளிர்கால நண்பகலில் ஒளி கிட்டத்தட்ட நேராக முட்ட, அதே எழுத்து மங்கும். கிழக்கும் மேற்கும் நோக்கிய கற்களுக்கு இது பொருந்தாது. அவற்றை உராயும் வேளை நண்பகலை ஒட்டியதே. மதில் வளைந்து செல்வதால் ஒவ்வொரு கல்லுக்கும் தன் வேளை உண்டு. முகில் மூடிய நாளில் ஒளி எல்லாப் பக்கமும் இருந்து பரவி வருவதால் எந்தக் கல்லும் முழுமையாகப் பேசாது. ஒரே சுற்றில் அனைத்தையும் படித்துவிட இயலாதபடி வானியலே அமைத்து வைத்திருக்கிறது. மதிலில் எழுதத் துணிந்தவர் ஈட்டிய பெரும்பேறு இது.

அந்த எழுத்துகளுக்கு ஒரு போட்டியும் உண்டு. பூஞ்சையும் பாசியும் கூடி ஓருயிராய் வாழும் கற்பாசி கல்லின் முகமெங்கும் படர்கிறது. செட்டிநாட்டுக் குழம்புக்கு மணம் ஊட்டும் கல்பாசியும் இவ்வினத்ததே. பாறையோடு ஒட்டிக் கிடக்கும் வகைகள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை. அவற்றின் விட்டத்தை அளந்து, பாறை எப்போது வெளிப்பட்டது எனக் கணிக்கும் முறையை 1950இல் ரோலண்ட் பெஷல் வகுத்தார். அவற்றின் பூஞ்சை இழைகள் மணிகளுக்கிடையே நுழைந்து கல்லைப் பற்றுகின்றன. அவை சுரக்கும் புளிமங்கள், கருங்கல்லில் மின்னும் காக்காய்ப்பொன் தகடுகளை முதலில் இளக்குகின்றன. வானோசில் இன்னொன்றையும் கருத வேண்டும். மாட்டுப் பண்ணையிலிருந்து எழும் அம்மோனியா காற்றில் தழைச்சத்தைக் கூட்டும். தழைச்சத்தை விரும்பும் மஞ்சள் கற்பாசி பண்ணைச் சூழலில் செழிக்கும், அதை விரும்பாத சாம்பல்நிற வகைகள் விலகும். மதிலின் நிறமே காற்றிலுள்ள தழைச்சத்தைக் காட்டும் அளவுகோலாகிறது.

கற்பாசியைக் களையலாமா என்பதில் அறிஞர் இருவேறு வகையாகப் பேசுவர். புளிமம் ஊற்றிச் சுரண்டினால் இழைகளோடு கல்மணிகளும் பெயர்ந்து வரும். வெட்டெழுத்தின் கூர்மை அதனால் இன்னும் விரைவாக அழியும். கல்லின் முகத்தில் படர்ந்ததை விட்டுவிட்டு, எழுத்தின் பள்ளத்தை மட்டும் மென்மையான தூரிகையும் நீரும் கொண்டு துடைப்பதே தக்கது என எனக்குப் படுகிறது. பழங்கல்லின் உரிமையும் புது எழுத்தின் உரிமையும் அதில் ஒருங்கே காக்கப்படும்.

மரங்களுக்கிடையே ஓர் எஃகு மரமும் நிற்கிறது. ராக்ஸி பெயின் 1999இல் செய்த இதன் பெயர் ‘போலி’ என்று பொருள்படும். பின்னர் உலகின் பல நகரங்களில் அவர் நிறுத்திய எஃகு மரங்களுக்கெல்லாம் இதுவே மூத்தது. பருத்த குழாயோடு அதைவிடச் சிறுத்த குழாயையும் அதனோடு இன்னும் சிறுத்ததையும் பற்றவைத்துக் கிளை பிரித்திருக்கிறார். ஒரு மட்டத்துக் கிளைகளின் குறுக்குவெட்டுப் பரப்பை எல்லாம் கூட்டினால் அடிமரத்தின் பரப்புக்கு ஏறத்தாழ ஒக்கும் என்று லியொனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். இயற்கை மரம் இவ்விதியைப் பெரும்பாலும் பின்பற்றுவதால்தான் குழாய்களால் செய்த வடிவமும் நம் கண்ணுக்கு மரமாகத் தெரிகிறது.

துருவேறா எஃகு துருவேறாதிருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் அது கலந்திருந்தால், காற்றின் உயிர்வளியோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிப்பே உள்ள ஒரு படலத்தை மேற்பரப்பில் உண்டாக்கும். கீறல் விழுந்தால் அப்படலம் உடனே தன்னைத்தானே மீண்டும் அமைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு உயிர்வளி வேண்டும். கிளைக்கவட்டில் இலைக்குப்பை தேங்கி ஈரமாய் அடைத்துக்கொண்டால் அங்கே காற்று புகாது, படலம் புதுப்பிக்கப்படாது, அரிப்பு தொடங்கும். காட்டில் இலையுதிர்வு ஆண்டுதோறும் வருவது. எனவே இலை உதிர்க்காத இந்த மரத்தின் கவட்டிலிருந்து பிற மரங்களின் இலைகளை அகற்றுவதே இதன் பேணலில் தலையாய வேலை ஆகும். ஆண்டனி கோர்ம்லி 1998இல் தம் உடலை அச்சாக வைத்து வார்த்த இரும்பு உருவமும் இக்காட்டில் உண்டு. அது துருவை மறுக்கவில்லை, செந்தவிட்டு நிறமாகத் தன்மேல் ஏற்றுக்கொண்டது. தடித்த வார்ப்பாதலின் துரு அதை அழிக்க நெடுங்காலம் ஆகும்.

டான் கிரகாமின் 2000ஆம் ஆண்டுப் படைப்பு வளைந்த கண்ணாடியால் ஆனது. உருவைத் திரிக்கும் இருவேறு பரப்புகள் என்பது அதன் பெயர்ப்பொருள். அக்கண்ணாடியில் பூசிய மெல்லிய உலோகப்படலம் விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, மறுபகுதியை ஊடுருவ விடுகிறது. நாம் நிற்கும் பக்கம் வெளிச்சம் மிகுந்தால் நம் உருவே தெரியும். அப்பால் வெளிச்சம் மிகுந்தால் கண்ணாடி மறைந்து, அப்பாலிருப்பவர் தெரிவார். கதிரவனை ஒரு முகில் மறைக்கும் அந்தச் சிறுபொழுதில் எதிரிலிருந்த நம் முகம் தேய்ந்து வேறொருவர் முகமாகும். புறத்தே புடைத்த பக்கம் குவியாடியாய் நம் அகலத்தைச் சுருக்கும், உயரத்தை விட்டுவிடும். அகத்தே குழிந்த பக்கம் அருகில் நிற்பவரைப் பருக்க வைக்கும். இத்தனைக்கும் இசைந்து நிற்க எஃகுச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே இளகும் பொதி வேண்டும். 50 பாகை வெப்ப வேறுபாட்டில் ஒரு மீட்டர் துருவேறா எஃகு 0.85 மில்லிமீட்டர் நீள்கிறது. அதே நீளக் கண்ணாடியோ 0.45 மில்லிமீட்டர்தான் நீளும். இந்த 0.4 மில்லிமீட்டருக்கு இடம் விடாதவர் கண்ணாடியை உடைத்தே பாடம் கற்பார்.

மாயா லின் 2004இல் செய்தது மண். ‘11 நிமிடக் கோடு’ என்னும் அது மேய்ச்சல் வெளியில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளம் வளைந்து கிடக்கும் புல்மேடு. வாசிங்டன் நகரில் வியத்நாம் போரில் மடிந்தோர் நினைவுச்சுவரை வடிவமைத்தவர் இவர். ஒகையோவில் வளர்ந்தவர். அம்மாநிலத்தில் தொல்குடியினர் பாம்பு வடிவில் எழுப்பிய 411 மீட்டர் நீள மண்மேடு ஒன்று உள்ளது. லின் இங்கே வரைந்த கோட்டுக்கு அதுவே தூண்டுகோல். நடப்பதற்கு 11 நிமிடம் ஆகும் என்பது பெயரின் பொருள். கணக்கிட்டால் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைந்த நடை. சமவெளிச் சாலையில் இதே தொலைவை ஆறு நிமிடத்தில் கடந்துவிடுவோம். வளைவுகளும் உயரமும் நடையைப் பாதியாக்குகின்றன. சிற்பம் நம் கால்தசையில் நிகழ்கிறது.

கொட்டிய மண் சரியாமல் நிற்பதற்கு ஒரு சாய்வெல்லை உண்டு. அதைக் கடந்து செங்குத்தாகக் குவிக்க விரும்பினால் உள்ளே கல்லடுக்கும் மேலே வேர்ப்பின்னலும் வேண்டும். புல்லின் வேர் மண்மணிகளைக் கட்டிப் பிடிக்கிறது. வேரும் மண்புழுவும் விட்ட துளைகளில் மழைநீர் இறங்குகிறது. உச்சியில் பலர் நடக்க நடக்கத் துளைகள் நசுங்கும், புல் கருகும், இறங்க இயலாத நீர் வழிந்தோடி ஓடையறுக்கும். மண் படைப்புக்கு எதிரி அதை விரும்பி வருவோரின் காலடியே. மழை மிகுந்த கிழமைகளில் நடையை நிறுத்தி மேட்டுக்கு ஓய்வு தருதல் தவிர வேறு மருந்து இல்லை.

இவை எல்லாவற்றிலும் என் உள்ளத்துக்கு அணுக்கமானது மார்ட்டின் பியூரியர் 1996இல் நாணலால் வேய்ந்த படைப்பு. பீச் மரக் காட்டில் ஒரு தியானம் என்பது அதன் பெயர். வாயிலற்று மூடிய அவ்வடிவத்தைப் போர்த்தியிருப்பது, ஸ்கோனேயின் பழைய பண்ணை வீடுகளுக்குக் கூரையான அதே நாணல். நாணல் தன்னளவில் நீரைத் தடுப்பதன்று. ஒரு தாள் நனையும், அதன் நுனியிலிருந்து துளி அடுத்த தாளுக்குச் சொட்டும், அவ்வாறே அடுக்கடுக்காய் இறங்கி இறவாரத்தில் விழும். சாய்வு 45 பாகைக்குக் குறையாமலும் தடிப்பு ஒரு சாணுக்குக் குறையாமலும் இருந்தால் மேலேயுள்ள சில சென்டிமீட்டர் மட்டுமே நனைகிறது. உள்ளே என்றும் உலர்ந்திருக்கும். தாளில் மணற்சத்து மிகுந்திருப்பதால் பூஞ்சையும் எளிதில் அதைத் தின்பதில்லை.

ஆயினும் வேய்ந்த கூரை மழைக்குப்பின் உலர்ந்தாக வேண்டும். உலர வெயிலும் காற்றும் வேண்டும். பீச் மரமோ நிழலில் இணையற்றது. இலை விரிந்தபின் அதன் அடியில் தரைக்கு வந்து சேரும் ஒளி சில விழுக்காடே. அதனால்தான் அக்காட்டின் சிறுசெடிகள் மரம் தளிர்க்குமுன்பே இளவேனில் தொடக்கத்தில் பூத்து முடிக்கின்றன. அத்தகைய நிழலில் நாணல் ஈரமாய்க் கிடக்கும், பாசி பற்றும், பாசி மேலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். திறந்த வெளியில் பல பத்தாண்டு நிற்கும் கூரை இங்கே முன்னதாகவே மட்கும்.

சுற்றியுள்ள மரங்களைக் கழித்து ஒளிவிட்டால் நாணலின் ஆயுள் நீளும். கூரைத் தொழிலாளி அதையே பரிந்துரைப்பார், அவர் தொழிலறிவுக்கு அது சரியே. ஆனால் அப்படைப்பின் பெயரிலேயே காடு இருக்கிறது. மரத்தை வெட்டிக் கூரையைக் காப்பது படைப்பின் பாதியை வெட்டுவதாகும். நாணல் ஓராண்டில் ஆளுயரம் கடந்து வளரும். குளிர்காலத்தில் இலையுதிர்ந்த தாளை அறுத்துக் கட்டினால் அடுத்த ஆண்டு அதே நீர்நிலையில் மீண்டும் நிற்கும். பீச் மரமோ முழுப் பருமனை அடைய நூறாண்டுக்கு மேல் ஆகும். எனவே மரங்களை அப்படியே விட்டு, உள்ளிருக்கும் மரச்சட்டத்தைக் காத்து, சாய்வும் தடிப்பும் மாறாமல் கூரையை மட்டும் சற்று அடிக்கடி புதிதாக வேய்வதே தக்கது. அதற்கான செலவை இப்படைப்பின் இயல்பான செலவாகவே ஏற்க வேண்டும்.